பேனர் பின்னணியைக் கணினியே வரையட்டும்

சுங்கை சிப்புட் பக்கம் கோயில் திருவிழா பேனர் ஆகட்டும், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பிரியாவிடை மேடை ஆகட்டும், தீபாவளித் திறந்த இல்ல அழைப்பு ஆகட்டும், பின்னணியில் வருவது அதே நாலைந்து படங்கள்தான். ஊதாவில் ஒளிக்கீற்று அடிக்கும் ஒன்று, கறுப்பில் தங்கத் தூள் பறக்கும் ஒன்று, மூலைக்கு மூலை மயிலிறகு வைத்த ஒன்று. இணையத்தில் தேடினால் முதல் பக்கத்தில் வருவதை எல்லாரும் எடுக்கிறோம், அதனால் ஊரில் நடக்கும் எல்லாக் கல்யாணமும் ஒரே மண்டபத்தில் ஒரே நாளில் நடந்த மாதிரி இருக்கிறது. சிலதில் வாட்டர்மார்க்கை அரைகுறையாக அழித்த தடம்கூட எட்டடி பேனரில் பளிச்சென்று தெரியும்.

இதற்குப் பதிலாக நமக்கென்று ஒரு பின்னணி செய்துகொள்ளலாம், காசு செலவில்லாமல், வரையத் தெரியாமலேயே. நீங்கள் விதியை மட்டும் சொல்லுங்கள்: இந்த உருவம், இத்தனை வரிசை, இந்த நிறத்திலிருந்து அந்த நிறம்வரை, அங்கங்கே கொஞ்சம் தாறுமாறு. மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இதைத்தான் ஜெனரேட்டிவ் ஆர்ட் என்கிறார்கள். ஏஐயிடம் ‘அழகான பின்னணி கொடு’ என்று கேட்பதை நான் சொல்லவில்லை. அங்கே ஒரு வார்த்தையை மாற்றிக் கேட்டால் முழுப் படமும் மாறிப்போகும். இங்கே ஒரு எண்ணை 10இலிருந்து 12 ஆக்கினால் அந்த ஒன்று மட்டும்தான் மாறும், மற்ற விதிகளெல்லாம் வைத்தபடியே இருக்கும்.

இந்தக் கலைக்கு வயதும் ஆகிவிட்டது. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் ஜார்ஜ் நீஸ் என்பவர் கணினி வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்தது 1965இல். புடாபெஸ்டில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார் 1968இல் கணினியைத் தொட்டார், 2023இல் 99 வயதில் மறைந்தார். சதுரங்களை ஒழுங்காக அடுக்கிவிட்டு அந்த ஒழுங்கை ஒரே ஒரு விழுக்காடு மட்டும் குலைத்துப் பார்ப்பது அவருக்குப் பிடித்த வேலை. பின்னணி செய்ய வருகிறவர்கள் அந்த ஒரு விழுக்காட்டை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் புதிதாக வருகிற எல்லாரும் எல்லாவற்றையும் 100க்குத் தள்ளிவிட்டு, ‘ஐயோ, குப்பை மாதிரி வருதே’ என்பார்கள்.

தேவையானவை இரண்டு மென்பொருள்: படம் திருத்தும் கிம்ப், கோடும் உருவமும் வரையும் இங்க்ஸ்கேப். இரண்டுமே இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். நிரல் எழுதிப் பார்க்க ஆசை இருந்தால் பி5.ஜேஎஸ் என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அளவும் நிறமும்

அளவை முடிவு செய்யாமல் எதையும் தொடாதீர்கள். 8 அடிக்கு 4 அடி பேனர் என்றால் அங்குலத்துக்கு 72 பிக்சல் கணக்கில் 6912க்கு 3456. பேனரை யாரும் முகத்தை ஒட்டிவைத்துப் பார்ப்பதில்லை, ஆகவே அதற்கு 300 எல்லாம் வேண்டாம். கையில் கொடுக்கும் ஏ4 தாள் என்றால் 300 வேண்டும், அதாவது 2480க்கு 3508. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 1080க்கு 1920. மேடையில் வைக்கும் எல்இடி திரை என்றால் அதை வாடகைக்குக் கொண்டுவருகிறவரிடமே கேட்டுவிடுங்கள், அது பலகை பலகையாகக் கோத்துக் கட்டுவது, வீட்டு டிவி மாதிரி 16க்கு 9ஆக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. பண்டிங் நெட்டுக்குத்தாக நிற்பது, பேனர் படுக்கையில் போவது, ஒன்றுக்குச் செய்ததை இன்னொன்றுக்கு இழுத்து நீட்டினால் அசிங்கமாகத்தான் இருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் அதே விதியை வைத்து இரண்டு முறை ஓடவிடுங்கள்.

நிறத்துக்கும் இணையத்தைத் தேடிப் போக வேண்டாம். செம்பனை லாரி போன பாதையில் விழுந்து கிடக்கும் உதிரிப் பழம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெயில் பட்ட நுனி கிட்டத்தட்டக் கறுப்பு, ஆனால் கறுப்பு இல்லை, உள்ளே ஒரு ஊதா ஓடும். அதற்குக் கீழே செங்கல் சிவப்பு, அப்புறம் நல்ல ஆரஞ்சு, குலைக்குள் செருகியிருந்த அடிப்பக்கம் வெளிறிய மஞ்சள். இந்த நாலும் ஒன்றுக்கொன்று சண்டை போடாது. பழத்தை நிழலில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து (வெயிலில் எடுத்தால் பளபளப்பு மேலேறி நிறம் போய்விடும்), கிம்ப்பில் திறந்து, கலர் பிக்கரால் ஒவ்வொரு இடத்தையும் தொட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெச்எஸ்வி கணக்கில், அதாவது நிறவகை, செறிவு, வெளிச்சம் என்று மூன்று எண்ணாக, எழுதி வைப்பது சுலபம்: கருஊதா 340, 60, 18, செங்கல் 12, 80, 60, ஆரஞ்சு 24, 90, 92, வெளிர்மஞ்சள் 44, 45, 96 என்ற மாதிரி வரும். உங்கள் பழத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பழம் பிடிக்கவில்லை என்றால் ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் நேரத்தில் கீழே கிடக்கும் இலைகளைப் படம் எடுங்கள், செம்பு நிறத்தில் எத்தனை வகை இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

நாலு நிறத்தையும் சம பங்காகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். ஒரு நிறம் பாதிக்கு மேல் ஆளட்டும், ஒன்று வந்ததும் தெரியாமல் இருந்துவிட்டுப் போகட்டும்.

கிம்ப்பில் அடித்தளம்

கிம்ப்பில் 1920க்கு 1080 என்று ஒத்திகைக்கு ஒரு புதுப் படம் திறங்கள். முதல் வேலையாக இமேஜ் மெனுவில் பிரிசிஷன் என்று இருக்கும், அதை 32 பிட் ஃப்ளோட்டிங் பாயிண்டுக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் மெதுவாக மாறும் நிறங்களுக்கு நடுவில் படிக்கட்டு படிக்கட்டாகக் கோடு விழும், திரையில் தெரியாது, பேனரில் தெரியும்.

இப்போது ஃபில்டர்ஸ், ரெண்டர், நாய்ஸ், அதற்குள்ளே சாலிட் நாய்ஸ். கறுப்பு வெள்ளையில் மேகம் மாதிரி ஒன்று வந்து நிற்கும். இது சும்மா தாறுமாறு இல்லை. சும்மா தாறுமாறு என்றால் ஒவ்வொரு பிக்சலும் தன் இஷ்டத்துக்கு ஒரு நிறம் எடுக்கும், மொத்தத்தில் ஒரே இரைச்சலாக இருக்கும். இங்கே பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பக்கத்துப் பக்கத்து மதிப்பையே எடுக்கின்றன, அதனால்தான் கண்ணுக்கு மேகமாக, பாறையாக, தண்ணீராகப் படுகிறது. கென் பெர்லின் என்பவர் கண்டுபிடித்த வழி. கணினியில் செய்த படம் எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி வழுவழுவென்று இருப்பது பிடிக்காமல் 1980களில் இதை எழுதினார், 1985இல் வெளியிட்டார், பிற்பாடு 1997இல் ஆஸ்கர் அகாடமியே இதற்காக ஒரு தொழில்நுட்ப விருது கொடுத்தது. கிம்ப்பின் சாலிட் நாய்ஸ் அவர் கணக்கைப் பார்த்துச் செய்ததுதான்.

அந்தப் பெட்டியில் எக்ஸ் சைஸ், ஒய் சைஸ் என்று இரண்டு இருக்கும். எண் ஏற ஏற மேகம் பொடியாகும். இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்: எக்ஸ் 1.5, ஒய் 6 என்று கொடுத்தால் காலையில் மலையடிவாரத்தில் பனி படுத்திருக்கிற மாதிரி நீள நீளமாகப் படுக்கும், எழுத்து வரிகளோடு ஒத்துப்போகும். டீட்டெயிலை 2க்கு மேல் ஏற்ற வேண்டாம், ஏற்றினால் பொடிப்பொடியாக நுணுக்கம் வந்து எழுத்தோடு மோதும். டர்புலண்ட் என்ற கட்டத்தை டிக் செய்தால் நரம்பு ஓடினமாதிரி கூர்கோடுகள் வரும், பார்க்க அழகு, பின்னணிக்கு ஆகாது.

சீட் என்று ஒரு எண் இருக்கும், அதாவது விதை எண். அதே எண், அதே அமைப்பு கொடுத்தால் அதே படம் திரும்ப வரும். பிடித்த படம் வந்ததும் அந்த எண்ணைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். ஆலயத் தலைவர் ‘போன வருசம் போட்டதே நல்லா இருந்துச்சு, அதையே கொஞ்சம் மாத்திப் போடுங்க’ என்று கேட்கும் நாள் கண்டிப்பாக வரும்.

இந்தக் கறுப்பு வெள்ளை மேகத்தை முதலில் ஒரு பிஎன்ஜி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து தனியே வையுங்கள், அடுத்த கட்டத்துக்கு வேண்டும். அப்புறம் ஃபோர்கிரவுண்ட் நிறமாகக் கருஊதாவையும் பேக்கிரவுண்ட் நிறமாகச் செங்கல் சிவப்பையும் வைத்து, கிரேடியன்ட் பட்டியலில் ஃபோர்கிரவுண்டிலிருந்து பேக்கிரவுண்டுக்குப் போகும் ஆர்ஜிபி வகையைத் தேர்ந்தெடுத்து, கலர்ஸ் மெனுவில் மேப், கிரேடியன்ட் மேப் கொடுங்கள். கறுத்திருந்த இடம் கருஊதாவாகவும் வெளுத்திருந்த இடம் செங்கல் சிவப்பாகவும் மாறும். ஆரஞ்சையும் மஞ்சளையும் இங்கே தொடாதீர்கள், அவை மேலே வரப்போகும் இலைகளுக்கு. கடைசியாக ஃபில்டர்ஸில் நாய்ஸ் பகுதியில் ஆர்ஜிபி நாய்ஸை மிகக் குறைவாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், தூவிவிட்டால் மிச்சம் மீதி படிக்கட்டுக் கோடும் மறைந்துவிடும்.

இங்க்ஸ்கேப்பில் செம்பனை நடுவது

செம்பனைக் கன்றைச் சதுரம் சதுரமாக நடுவதில்லை. மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு முக்கோணமாக நடுவார்கள், ஒரு வரிசை முடிந்தால் அடுத்தது பாதி தூரம் தள்ளித் தொடங்கும். அப்படி நட்டால் வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே 9 மீட்டர் வராது, 7.8தான் வரும், ஹெக்டருக்கு 140 மரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். எந்த மரத்திலிருந்து பார்த்தாலும் சுற்றி ஆறு மரம், ஆறும் ஒரே தூரம். பின்னணிக்கு இதைவிட நல்ல அடுக்கு எனக்குத் தெரிந்து இல்லை. சதுரக் கட்டமாக அடுக்கினால் கண் உடனே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு பிடித்துவிடும், சமையலறை மொசைக் ஞாபகம் வரும். முக்கோணத்தில் கண் எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

இங்க்ஸ்கேப்பில் 1920க்கு 1080 பக்கம் திறந்து, 90 அகலம், 78 உயரத்தில் ஒரு செவ்வகம் போடுங்கள். அதற்கு நிறமும் வேண்டாம், கரையும் வேண்டாம், இரண்டுக்கும் ‘இல்லை’ என்ற பெருக்கல் குறியைக் கொடுத்துவிடுங்கள். இது மரத்துக்கு மரம் விடும் இடைவெளி, அவ்வளவுதான். அதன் நடுவில் 12 அகலம், 56 உயரத்தில் ஒரு நீள்வட்டம், அதுதான் இலை. இலையின் நிறத்தில் ஒரு சூட்சுமம்: ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகையில் கேள்விக்குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கும், அதை அழுத்தினால்தான் இலைக்கு ‘நிறம் தீர்மானிக்கப்படவில்லை’ என்று ஆகும். அதை அழுத்தாமல் விட்டால் பின்னால் எத்தனை நிறம் கொடுத்தாலும் இலை அசையாது, ஏன் அசையவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அழுத்தினதும் இலை கறுப்பாகத் தெரியும், கவலை வேண்டாம். இரண்டையும் தேர்ந்தெடுத்து குரூப் செய்து, பக்கத்தின் இடது மேல் மூலைக்குக் கொஞ்சம் வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

இனி எடிட் மெனு, குளோன், கிரியேட் டைல்ட் குளோன்ஸ். திறக்கிற பெட்டியில் ஏழு தாவல்கள் இருக்கும். முதல் தாவல் சிமெட்ரி, அங்கே 17 வகை இருக்கும். ஏன் 17? ஒரு தளத்தில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்க மொத்தமே 17 ஒழுங்குகள்தான் உண்டு என்று ரஷ்யாவின் ஃபியோதரோவ் 1891இல் நிரூபித்துவிட்டார். பாத்தேக் துணியில் இருந்து பள்ளிவாசல் சுவர்வரை எல்லா அடுக்கும் அதற்குள் அடக்கம். நமக்கு முதலாவதான பி1 போதும்.

ஷிஃப்ட் தாவலில், ஷிஃப்ட் எக்ஸ் வரியில் ‘பெர் ரோ’ என்ற இடத்தில் 50 கொடுத்து, கீழே ஆல்டர்னேட் வரியில் ரோ பக்கத்துக் கட்டத்தை டிக் செய்யுங்கள். ஒன்று விட்டு ஒரு வரிசை பாதி தள்ளி நிற்கும், செம்பனை நட்டாயிற்று. அதே தாவலில் எக்ஸுக்கும் ஒய்க்கும் ரேண்டமைஸ், அதாவது தாறுமாறின் அளவு, 8 விழுக்காடு கொடுங்கள். 8 குறைவாகத் தோன்றும், ஆனால் இதுதான் அளவு, 30 கொடுத்துப் பாருங்கள், நட்ட தோட்டம் போய்க் காடாகிவிடும். ஸ்கேல் தாவலில் ரேண்டமைஸ் 25. ரொட்டேஷன் தாவலில் வரிசைக்கு 3 டிகிரி, பத்திக்கு 7 டிகிரி, ரேண்டமைஸ் 4. இந்த 7தான் மொத்தப் படத்தின் உயிர்: இடப்பக்கம் நேராக நிற்கும் இலை வலப்பக்கம் போகப் போகச் சாய்ந்து, படுத்து, கிட்டத்தட்டத் தலைகீழாகிவிடும், பார்க்கிறவருக்குக் காற்று அடிப்பது மட்டும் தெரியும், கணக்கு தெரியாது. ஓபாசிட்டியில் ரேண்டமைஸ் 40. கலர் தாவலில் தொடக்க நிறமாக ஆரஞ்சைக் கொடுத்து, ஹெச் (நிறவகை) ரேண்டமைஸ் 3, எல் (வெளிச்சம்) ரேண்டமைஸ் 12 வைத்தால் ஆரஞ்சுக்கும் வெளிர்மஞ்சளுக்கும் பக்கத்திலேயே சுற்றும். ஹெச்சை 20க்கு ஏற்றினால் பச்சை, ஊதா எல்லாம் வந்து பிறந்தநாள் பலூன் கடை ஆகிவிடும்.

கீழே வரிசை 15, பத்தி 23 என்று கொடுத்து கிரியேட் அழுத்துங்கள். 345 இலைகள் வந்து நிற்கும். பிடிக்கவில்லையா, ரிமூவ் அழுத்தி, எண்ணை மாற்றி, மறுபடி கிரியேட். இந்தப் பெட்டி விதை எண் கேட்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டு எடுக்கும், ஆகவே பிடித்தது வந்ததும் கோப்பாகச் சேமித்துவிட்டு மேலே போங்கள். இன்னொரு வசதி, இவை எல்லாம் குளோன்கள்: முதலில் செய்த தாய் இலையை இரட்டைக் கிளிக்கில் திறந்து நுனியைக் கொஞ்சம் வளைத்தால் 345ம் சேர்ந்து வளையும்.

மேகத்துக்குக் கட்டுப்படும் இலைகள்

இதுவரை செய்ததை யாரும் செய்துவிடலாம். பேனருக்கு ஏற்றதாக மாறுவது இங்கேதான்.

தனியே வைத்த கறுப்பு வெள்ளை மேகத்தைத் திரும்பக் கிம்ப்பில் திறங்கள். பேனரில் எழுத்து வரப்போகும் இடத்தில், பெரிய, ஓரம் மங்கலான தூரிகையால் கறுப்பைப் பூசுங்கள். நேர்த்தியெல்லாம் வேண்டாம், எழுத்து உட்காரும் இடம் இருட்டாக வேண்டும், ஓரம் மேகத்தோடு கலந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதை இங்க்ஸ்கேப்பில் இம்போர்ட் செய்து, பக்கம் முழுக்க நிரம்பும்படி இழுத்து, எண்ட் விசையை அழுத்தி எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளுங்கள். பழைய குளோன்களை ரிமூவ் செய்துவிட்டுத் தாய் இலையைத் தேர்ந்தெடுத்து, அதே பெட்டியின் கடைசித் தாவலான டிரேஸுக்குப் போய், குளோன்களுக்கு அடியில் உள்ள படத்தைப் பின்பற்று என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். எதை எடுப்பது என்ற இடத்தில் எல், அதாவது வெளிச்சம். எதில் காட்டுவது என்ற இடத்தில் சைஸ், பிரசென்ஸ் இரண்டும். கிரியேட்.

மேகம் வெளுத்திருக்கும் இடத்தில் இலை பெரிதாகவும் அடர்த்தியாகவும் வர வேண்டும், கறுக்கக் கறுக்கச் சிறுத்து, அருகி, எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் ஏறக்குறைய இல்லாமலே போக வேண்டும். தலைகீழாக வந்தால் ரிமூவ் அழுத்தி, இன்வெர்ட் கட்டத்தை டிக் செய்து, மறுபடி கிரியேட் கொடுங்கள். அப்புறம் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிம்ப்பில் நிறம் கொடுத்த அடித்தளத்தை வையுங்கள். கட்டம் போட்டு எழுத்தைக் காப்பாற்ற வேண்டிய வேலையே இல்லை, இலைகளே ஒதுங்கி வழி விட்டிருக்கும். கடையில் எடுக்கும் ஆயத்தப் படத்தில் இது நடக்காது, ஏனென்றால் உங்கள் எழுத்து எங்கே வரும் என்று அந்தப் படத்தைச் செய்தவருக்குத் தெரியாது.

புள்ளியைக் காப்பாற்றுங்கள்

தமிழ் பேனருக்கு ஆங்கிலப் பேனருக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு: புள்ளி. ‘பக்தர்கள்’ என்று எழுதினால் மூன்று புள்ளி. பின்னணியில் அதே அளவு வட்டங்கள் சிதறிக் கிடந்தால் எது எழுத்தின் புள்ளி, எது அலங்காரம் என்று வண்டியில் போகிறவருக்குத் தெரியாது, இல்லாத இடத்தில் மெய்யெழுத்து முளைக்கும், இருக்கிற இடத்தில் காணாமல் போகும். தங்கத் தூள் பின்னணிகளை நான் தொடாததற்கு இதுதான் காரணம். உங்கள் உருவங்கள் புள்ளியைவிட நன்றாகப் பெரிதாக இருக்கட்டும், இல்லையென்றால் நன்றாகப் பொடியாக இருக்கட்டும், சம அளவு மட்டும் கூடாது. வளைந்த மெல்லிய கோடுகளும் அப்படித்தான், கொம்பும் சுழியும் அவற்றோடு பின்னிக்கொள்ளும்.

சோதிப்பது சுலபம். எழுத்தை மேலே வைத்து, பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்து கிம்ப்பில் திறந்து, படம் முழுவதையும் கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் செய்து சாம்பலாக்குங்கள். நிறம் போன பிறகும் எழுத்து தெளிவாக நின்றால் சரி. இணையப் பக்கங்களுக்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்தென்றால் 3க்கு 1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பேனருக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம், பின்னணியின் மிக வெளுத்த இடத்தையும் மிகக் கறுத்த இடத்தையும் இரண்டையுமே அதற்கு ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சுக் கடைத் தம்பி ‘அண்ணே, எழுத்தச் சுத்தி ஒரு வெள்ளக் கரை போட்டுடவா?’ என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம், பின்னணி எழுத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. கரை போடச் சொல்லாதீர்கள், வீட்டுக்கு வந்து எல் ரேண்டமைஸைப் பாதியாகக் குறையுங்கள்.

நிரல் எழுத ஆசைப்பட்டால்

பி5.ஜேஎஸ்ஸை லாரன் மெக்கார்த்தி 2013இல் தொடங்கினார், 2001இல் எம்ஐடியில் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் செய்த பிராசசிங் என்பதன் வாரிசு. எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரிலேயே எழுதி ஓடவிடலாம், ஆகவே நூலகக் கணினியிலும் நடக்கும். முதலில் செய்து பார்க்க வேண்டியது ஃப்ளோ ஃபீல்ட், அதாவது ஓட்டப் புலம். பக்கத்தில் 1000 புள்ளிகளைச் சும்மா தூவுங்கள். ஒவ்வொரு புள்ளியும் தான் நிற்கும் இடத்தின் எக்ஸ், ஒய் எண்களை 0.003ஆல் பெருக்கி நாய்ஸ் ஃபங்ஷனிடம் கொடுக்கும், அது 0க்கும் 1க்கும் நடுவில் ஒரு எண் திருப்பித் தரும். அதை 360 டிகிரியின் இரு மடங்கால் பெருக்கினால் ஒரு கோணம். அந்தக் கோணத்தில் ஒரு சின்ன அடி எடுத்து வைத்து மெல்லிய, பாதி தெரிகிற கோடு போடு, மறுபடி கேள், மறுபடி நட. இதை ஒவ்வொரு புள்ளிக்கும் 200 முறை செய்தால் ஆற்றுச் சுழல் மாதிரி வந்துவிடும். ஏன் இரு மடங்கு என்றால், நாய்ஸ் தரும் எண்கள் பெரும்பாலும் 0.5ஐச் சுற்றியே இருக்கும், ஒரு மடங்கில் எல்லாக் கோடும் ஒரே பக்கம் பார்த்துப் படுத்துவிடும். 0.003ஐ 0.01 ஆக்கினால் சுழல் நெருங்கும், 0.001 ஆக்கினால் நிதானமாகும். நாய்ஸ் சீட், ரேண்டம் சீட் இரண்டுக்கும் ஒரு எண் கொடுக்க மறக்காதீர்கள். கோடுகள் கொம்பு சுழியோடு பின்னும் என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும், எழுத்து வரும் இடத்தில் கோட்டின் அடர்த்தியைக் குறைக்கும் ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள்.

கடைக்கு அனுப்பும்போது

திரையில் கண்ணைப் பறிக்கும் பச்சையும் மின்னல் நீலமும் அச்சில் வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால், மையின் எல்லை சின்னது. பழத்தின் ஆரஞ்சுகூட ஒரு படி மங்கும், அதை எதிர்பார்த்தே செய்யுங்கள். முடிந்தால் ஒரு ஏ4 அளவில் ஒரு மூலையை மட்டும் கடையில் அச்சடித்துப் பாருங்கள், சில வெள்ளிதான் ஆகும், பேனர் முழுதும் வீணாவதற்கு அது மேல்.

இலைகள் வெக்டர், அதாவது பிக்சலாக இல்லாமல் கணக்காகச் சேமித்த உருவங்கள் என்பதால் இங்க்ஸ்கேப்பில் எந்த அளவுக்கும் பெரிதாக்கலாம். அடித்தளப் படத்தை மட்டும் கிம்ப்பில் முழு அளவில், அதே விதை எண்ணில், மறுபடி எடுத்து மாற்ற வேண்டும். எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைக் கணினியில் நம் எழுத்துரு இல்லாமல் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும், அதைக் கண்டுபிடிக்க அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் இல்லாமலும் இருக்கலாம். மாற்றுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், மாற்றிய பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். நாலு ஓரத்திலும் குறைந்தது 2 அங்குலத்துக்கு எழுத்தே வேண்டாம், அங்கே மடித்து ரிங் அடிப்பார்கள்.